நாய்க்குட்டியும் நாற்றுமேடையும்

உரும்பிராய்ப் பகுதியில் நாயில்லாத வளவு அரிது. வெங்காயம் பிடுங்கி உலரவிட்டிருக்கும் நாள்களிலும், வாழைக்குலை முற்றி நிற்கும் நாள்களிலும், நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றடியில் இருக்கும் இரவுகளிலும் கமக்காரருக்குச் சம்பளமில்லாத காவலாளாக நிற்பது நாயே. ஆதலின் வீட்டு நாய் மூப்படையத் தொடங்கியதும் அயலிலோ உறவினர் வீட்டிலோ ஒரு குட்டியை வாங்கி வளர்க்கின்றோம். குட்டி வந்த முதற் கிழமையிற் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; வீட்டைக் கூட்டுபவர்க்குத் திண்டாட்டம். விறாந்தையில் ஒரு குளம், அடுக்களை வாயிலில் ஒரு குவியல், நெல் காயும் பாயின் ஓரத்தில் மற்றுமொன்று என நாள் முழுவதும் துடைப்பதும் அள்ளுவதுமே வேலையாகி விடுகின்றன. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த பழமொழியை எடுத்துச் சொல்லிக் குட்டியை முற்றத்து மரத்திற் கட்டிவிடுவோரும் உளர். பழமொழி கூறுவது நாயின் குணத்தை. இங்கே நாம் கருதுவது குட்டியின் பழக்கத்தை. பழக்கம் மாற்றக்கூடியதே.

விவசாயப் போதனாசிரியன் ஒருவன் நாய்க்குட்டியைப் பற்றி எழுதுவானேன் எனக் கமக்காரர் வினவக்கூடும். அதற்குக் காரணமாயிருந்தது எனது சொந்தத் தவறு ஒன்றாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் தோட்டங்களுக்கு நடுவே வாடகைக்கு அமர்ந்த வீட்டில், இரண்டு மாதக் குட்டி ஒன்றை வளர்க்கத் தொடங்கினேன். அதனை வெளிக்குப் பழக்குவதில் நான் காட்டிய அக்கறை சிறிதன்று. ஒரு மாதத்துக்குள் குட்டி கதவடியில் நின்று முனகவும், கதவைத் திறந்ததும் ஓடிப்போய்த் தன் வேலையை முடித்துக்கொண்டு திரும்பவும் பழகிவிட்டது. வீட்டினுள் ஒரு துளியும் இல்லை. வந்தவர்க்கெல்லாம் இதனைப் பெருமையாகச் சொன்னேன். ஒருநாட் காலை, அயல் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று என்னை அழைத்தார். அவரது கத்தரி நாற்றுமேடை நான்கைந்து இடங்களிற் கிளறப்பட்டு, நாற்றுகள் சாய்ந்து, நாயின் மலம் ஆங்காங்கே கிடந்தது. "தம்பி, உங்கட குட்டி நல்லாத்தான் பழகியிருக்குது. ஆனா என்ர மேடையிலை எல்லோ பழகியிருக்குது" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னமையால் எனக்கு நாணம் மிகுதியாயிற்று. நாற்றுமேடை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்று அதே பெரியவருக்கு முந்திய கிழமை விளக்கம் கூறியவனும் நானே.

குட்டிக்கு வெளியே போகக் கற்பித்தேன். வெளியே எவ்விடம் என்று கற்பிக்கவில்லை. நகரத்து வீட்டில் வாசற்படியைத் தாண்டினாற் போதும். தோட்டக்காரர் வீட்டில் வாசற்படியைத் தாண்டினால் அங்கே இருப்பது நாம் உண்ணும் கீரையும் குடிக்கும் கிணறும் ஆகும். எனவே கமக்காரர் வீட்டுக் குட்டிக்கு இரண்டு பாடங்கள் உள. வீட்டினுட் போகாமை ஒன்று. வளவில் ஒதுக்கிய ஒரு மூலைக்கே போதல் மற்றையது. இவ்விரண்டையும் ஒருங்கே கற்பித்தல் எளிது. முதலாவதைக் கற்பித்துவிட்டு இரண்டாவதைப் பின்னர் புகுத்த முயன்றால் நான் பட்ட பாடு படவேண்டும்.

குட்டி பாத்தியை நாடுவது ஏன்?

பிறந்த குட்டிக்குத் தானாக மலசலம் கழிக்கும் ஆற்றல் இல்லை. தாய் நாய் நாவால் நக்கித் தூண்டியே அதனைக் கழிப்பித்துத் தானே துப்புரவாக்கி விடும். மூன்று கிழமையளவிற் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், படுத்த இடத்தை விட்டு நகர்ந்து கழிக்க முயலும். எட்டு, ஒன்பது கிழமையளவில் இன்னவிடத்திலே, இன்னவகைத் தரையிலே கழிப்பது என்னும் விருப்பம் அதற்கு உண்டாகின்றது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள பார் ஹாபர் என்னும் ஊரிற் பல்லாண்டுகளாக நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஸ்கொற், புல்லர் என்னும் இருவரும் குட்டிகளின் இவ்வளர்ச்சிப் படிகளைப் பற்றி எழுதியுள்ளனர். ஆகவே குட்டி நம் வீட்டுக்கு வரும் வயதும், இடம்பற்றிய விருப்பம் அதன் மனத்திற் படியும் வயதும் ஏறக்குறைய ஒன்றேயாகும். அந்த நான்கைந்து கிழமையில் அதன் பாதம் எத்தகைய மண்ணை அறிந்ததோ, அதனையே பின்னரும் தேடும்.

உரும்பிராயின் செம்மண்ணைக் கமக்காரருக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை. கொத்திப் பதமாக்கி, எருவிட்டு, நீர் பாய்ச்சிய பாத்தி பஞ்சுபோல் மெதுவானது. எருவின் மணமும் அதில் உண்டு. இறுகிக் கிடக்கும் முற்றத்தையும் இந்தப் பாத்தியையும் ஒருங்கே கண்ட குட்டி எதனைத் தெரிந்துகொள்ளும்? அதனைக் குறை கூறுவதற்கில்லை. நாம் நாற்றுக்கென்று ஆயத்தஞ் செய்த நிலம் அதற்கும் மிகப் பொருத்தமாகவே அமைந்துவிடுகின்றது.

இதனால் வருந் தீங்கு

நாற்றுச் சாய்வது சிறு நட்டம், மறுபடி நட்டுக்கொள்ளலாம். கண்ணுக்குப் புலப்படாத தீங்கே பெரிது.

நாயின் குடலில் வாழும் வட்டப்புழு, குட்டி பிறக்குமுன்னரே தாய் வயிற்றினின்றும் அதன் உடலுட் புகுந்துவிடக் கூடியது. ஆதலாற் கொழுகொழுவென்று விளையாடும் குட்டியின் வயிற்றிலும் இப்புழு இருக்கும் என்றே கொள்ளல் வேண்டும். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். அம்முட்டைகள் மலத்துடன் வெளிவந்த அன்றே நோயை உண்டாக்குவதில்லை. மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்து முதிர்ந்த பின்னரே தீங்கு செய்யும். முதிர்ந்தபின் ஆண்டுக்கணக்காக மண்ணில் உயிரோடு இருக்கும். மண் ஒட்டிய கரட்டை நன்கு கழுவாது கடிக்கும் பிள்ளையின் வயிற்றிலும், பாத்தியோரம் விளையாடிய கையை வாயில் வைக்கும் பாலகரின் வயிற்றிலும் அவை புகுந்தாற் புழுக்குஞ்சுகள் ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் அலைந்து திரியும். சிலவேளை கண்ணையும் சென்றடைந்து பார்வையைக் கெடுப்பதுண்டு.

கொழுக்கிப்புழுவின் வழி வேறு. அதன் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மெதுமண்ணில் ஓரிரு நாளிற் பொரித்து, ஒரு கிழமையளவிற் புழுக்குஞ்சுகளாகி, வெறுங்காலோடு மிதிப்பவரின் தோலைத் துளைத்து உட்செல்லும். பாத்தியிற் குந்தியிருந்து புல் பிடுங்கும் பெண்களே இதற்கு முதலில் ஆளாகின்றனர். விரலிடுக்கில் அரிப்பும் தடிப்பும் கண்டு, மண் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிச் சும்மா விட்டுவிடுவோர் பலர். நாய், பூனை ஆகியவற்றிலிருந்து மனிதரின் குடலிலும் குடியேறக்கூடிய கொழுக்கிப்புழு ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே இடப்பட்டுள்ளது. 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் அறிஞர் இலங்கையில் எடுக்கப்பட்ட புனுகுப்பூனை ஒன்றின் குடலிற் கண்ட அப்புழுவை 'அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்' என வருணித்தார். இது நமக்குப் பெருமை தரும் பெயரன்று.

எமது நீர்ப்பாய்ச்சல் முறையும் இதற்குத் துணை செய்கின்றது. கிணற்று நீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்தி பாத்தியாகத் திருப்பப்படுகின்றது. வாய்க்காலின் தலைப்பில் ஒரு குவியல் கிடந்தால், அன்றைய இறைப்பு முடியுமுன் அது கரைந்து தோட்டத்தின் கடைசிப் பாத்திவரை சென்றிருக்கும்.

மாட்டெருவும் ஆட்டெருவும் இடுகின்றோமே, நாயின் மலம் மட்டும் எருவாகாதா என்று ஒரு கமக்காரர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வியே. மாடும் ஆடும் இலைதழை உண்பவை. அவற்றின் குடற்புழுக்களிற் பெரும்பாலானவை மனிதருக்கு இடையூறு செய்வதில்லை. நாயோ நம்மைப் போலச் சோறும் மீனும் இறைச்சியும் உண்டு, நம்மோடு ஒரே கூரையின்கீழ்ப் படுப்பது. அதன் நோய்கள் பல நமக்கும் ஒட்டும். எருக்கும்பத்தில் இட்டாற் சூட்டில் அவை மாய்ந்துவிடும் என்பதையும் நம்பியிருத்தல் ஆகாது. கும்பத்தின் நடுவிற் சூடு ஏறினாலும் ஓரங்களில் ஏறுவதில்லை. சுண்ணாம்பு தூவுவதனாலும் வட்டப்புழுவின் முட்டைகள் அழிவது நிச்சயமன்று. அவற்றின் ஓடு அத்துணை உறுதியானது.

மூலையைத் தெரிந்தெடுத்தல்

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருமுன்னரே இவ்வேலையை முடித்து வைத்தல் வேண்டும். வளவின் ஒரு கோடியில், ஆறடிச் சதுரமான இடம் போதுமானது. கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரமும், வாய்க்காலுக்கு அப்பாலும், வெள்ளம் கிணற்றுப் பக்கம் ஓடாத தாழ்ந்த பக்கமும் ஆதல் நன்று. பனை, மா போன்ற மரங்களின் அயல் ஏற்றது. கீரை, வெங்காயம், கிழங்கு ஆகியன பயிரிடும் தறைக்கு அருகே வேண்டாம்.

கிணற்றைப் பற்றி இங்கே ஒரு சொல். நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. குடிநீர், தோட்டத்து நீர் யாவும் சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தங்கியிருக்கும் நிலத்தடி நீரே. அப்பாறை வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது என்பதற்கு நிலாவரைக் கிணற்றைக் கண்டோர்க்கு வேறு சான்று வேண்டா. மேலேயுள்ள செம்மண் ஓரளவு வடிகட்டியாக உதவுகின்றது. மண் ஆழமில்லாத இடத்தில் மேலே கிடக்கும் அழுக்கு மழையோடு வெடிப்பில் இறங்கி, வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேரக்கூடும். ஆகையால் மேற்கூறிய 50 அடி என்பது குறைந்த எல்லை. இடவசதி இருப்பின் மேலும் தள்ளி வைக்கலாம்.

தெரிந்தெடுத்த இடத்தை மண்வெட்டியால் நாலு அங்குல ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து, ஒரு கடகம் மணலைக் கலந்து மெதுவாக்குக. பாத்தியை விட இந்த மூலை குட்டியின் பாதத்துக்கு இதமாயிருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து. இதனை நான் முதல் முறை செய்யவில்லை. இறுகிய நிலத்தில் குட்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அது பாத்தியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கின்றதே என்று சினந்துகொண்டேன்.

பழக்கும் முறை

எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயினின்றும் பிரித்தல் தவறு. வீட்டுக்கு வந்த அன்று, படலையைத் தாண்டியதும் வீட்டினுட் கொண்டுசெல்லாது, நேரே அந்த மூலைக்குக் கொண்டுசெல்க. வழிநெடுக அடக்கி வந்த குட்டி அங்கே சலம் விடும். அம்மண்ணில் அதன் மணம் ஏறிவிட்டாற் பாதி வேலை முடிந்தது. வீட்டினுள் தவறுதலாகக் கழித்த மலத்தையும் முதல் இரண்டொரு நாள் அம்மூலையிலே போட்டு வைக்கலாம்.

அதன்பின் கொண்டுசெல்ல வேண்டிய வேளைகள் இவை: துயில் எழுந்தவுடன், உண்டபின் ஐந்து நிமிடம் முதல் அரை மணித்தியாலத்துக்குள், விளையாட்டு ஓய்ந்தவுடன், இரவு படுக்குமுன். வயிற்றில் உணவு சேர்ந்ததும் குடல் அசைவது இயல்பாதலின் உண்டபின் கொண்டுசெல்வது ஒருபோதும் தவறக்கூடாது. இவற்றிற்கு இடையிலும் இரண்டு மாதக் குட்டியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொண்டுசெல்லல் வேண்டும். அதற்கு மேல் அடக்கும் ஆற்றல் அதன் சிறிய சலப்பைக்கு இல்லை. மாதம் ஏற ஏற, மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் என்ற அளவில் இவ்விடைவெளியை நீட்டலாம்.

முதல் மூன்று நாலு நாள்கள் தூக்கிக்கொண்டு செல்க. நடக்கவிட்டால் பாதி வழியிலே கழித்துவிடும். பின்னர் ஐந்தடிக் கயிற்றிற் கட்டி, எப்பொழுதும் ஒரே கதவால், ஒரே வழியால் நடத்திச் செல்க. வழியை அது தன் காலால் அறிதல் வேண்டும். மூலையை அடைந்ததும் அசையாது நிற்க. விளையாட்டுக் காட்டினால் வந்த வேலையை மறந்துவிடும். குட்டி மண்ணை மோந்து வட்டமிடும்போது 'கோடி' என்பது போன்ற ஏதேனும் ஒரு சொல்லை மெல்லச் சொல்லி வருக. வீட்டிலுள்ள எல்லாரும் அதே சொல்லைச் சொல்லல் வேண்டும். கழித்து முடித்த அக்கணமே, அவ்விடத்திலேயே, விரல் நுனியளவு அவித்த மீன்துண்டைக் கொடுத்துத் தடவிவிடுக. வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், வீட்டுக்கு ஓடிவந்ததற்காகக் கிடைத்தது என்றே அது எண்ணிக்கொள்ளும். பத்து நிமிடம் நின்றும் கழியாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து, அருகிலே கட்டி வைத்திருந்து, கால் மணித்தியாலம் கழித்து மீண்டும் செல்க.

இரவில் குட்டியை அது திரும்பிப் படுக்கப் போதுமான ஒரு மரப்பெட்டியிற் சாக்கு விரித்து, உங்கள் படுக்கைக்கு அருகே வைத்துக்கொள்க. படுத்த இடத்தை அசுத்தப்படுத்த எந்தக் குட்டியும் விரும்பாது, முனகி எழுப்பும். பெட்டி பெரிதாயிருந்தால் ஒரு பக்கம் கழித்துவிட்டு மறு பக்கம் படுத்துக்கொள்ளும். முனகியும் ஒருவரும் எழாது விட்டால் வேறு வழியின்றிப் படுக்கையிலே கழிக்கும். அவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்தால், இயற்கையாக இருந்த துப்புரவுணர்ச்சியும் கெட்டுவிடும். இரவு உணவை ஏழு மணிக்கு முன் கொடுத்துவிட்டால் நள்ளிரவில் ஒருமுறை எழுந்தாற் போதும். நாலு மாதமளவில் அதுவும் வேண்டியிராது. பகலில் தண்ணீரைக் குறைத்து வைப்பது எமது வெயிலுக்கு ஏற்றதன்று.

உணவைக் கண்ட நேரத்திற் போட்டால் மலமும் கண்ட நேரத்திலே வரும். மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு முறையும், ஆறு மாதம் வரை மூன்று முறையும், குறித்த நேரத்திற் கொடுத்து, கால் மணித்தியாலத்திற் பாத்திரத்தை எடுத்துவிடுதல் நன்று.

அடித்தலும் முகத்தைத் தேய்த்தலும்

கழித்த இடத்திற் குட்டியின் மூக்கைத் தேய்த்து, விளக்குமாற்றால் இரண்டு போடு போட்டாற் கற்றுக்கொள்ளும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. என் பாட்டனார் அவ்வாறே செய்தார். அவருடைய நாய்கள் வீட்டின்முன் ஒருபோதும் கழிக்கவில்லை, நெல் மூடைகளின் பின்னாற் கழித்தன. அடி வாங்கிய குட்டி, வீட்டினுட் கழிப்பது குற்றம் என்று கற்பதில்லை. மனிதர் காணக் கழிப்பது ஆபத்து என்றே கற்கின்றது. அதன்பின் நீங்கள் கயிற்றோடு மூலைக்குக் கொண்டுபோய் நின்றாலும் உங்கள் முன்னிலையிற் கழிக்க அஞ்சும்.

குற்றஞ் செய்ததை உணர்ந்து தலை குனிகின்றதே என்பர். 2009ஆம் ஆண்டில் அலெக்ஸாண்ட்ரா ஹொறொவிற்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்துப் பார்த்தார். தவறு செய்த நாயும் செய்யாத நாயும், வளர்ப்பவர் கடிந்துகொண்டபோது ஒரேவிதமாகவே தலை குனிந்தன. நாய் படிப்பது நம் முகத்தைத்தான்.

கழிக்கும்போதே கண்டால் ஒருமுறை கையைத் தட்டி, உடனே தூக்கி மூலைக்குக் கொண்டுசெல்க. கழித்து முடிந்தபின் கண்டால் ஒன்றுஞ் செய்வதற்கில்லை, துப்புரவாக்குவதே வேலை. அதனையும் அரைகுறையாகச் செய்தல் கூடாது. மணம் நின்ற இடத்தை மீண்டும் நாடுவது நாயின் இயல்பு. சீமெந்துத் தரையாயின் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, வினாகிரியில் அதே அளவு நீர் கலந்து துடைக்கலாம். சாணம் மெழுகிய மண் தரையாயின் ஈரம் உள்ளே ஊறியிருக்கும். மேலே மெழுகினால் மட்டும் மணம் போகாது. நனைந்த மண்ணை ஓரங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, புது மண்ணிட்டுத் திமிசு போட்டு மெழுகுதல் வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது நமது மூக்கை ஏமாற்றும். நாயின் மூக்கை ஏமாற்றாது. குட்டியின் பாதத்தையும் நாவையும் அது புண்ணாக்கும்.

மாரி காலம்

ஐப்பசி, கார்த்திகையிற் குட்டி எடுத்தவர்க்குத் துன்பம் இரட்டிப்பு. மழை கொட்டும்போது குட்டி வெளியே வர மறுக்கும். வந்தாலும் கழியாமல் நடுங்கி நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் விறாந்தையிற் கழிக்கும். நாலு கதிகால் நட்டு, மூலைக்கு மேலே இரண்டு மூன்று கிடுகு போட்டுவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும். நீங்களும் நனையாமல் நிற்கலாம். மண் சேறாகிவிட்டால் மேலே சிறிது மணல் தூவிக்கொள்க.

இக்காலத்தில் இன்னொன்றும் கவனிக்கற்பாலது. எலிக்காய்ச்சற் கிருமி எலியின் சலத்தால் மட்டுமன்றி, நோய்ப்பட்ட மாடு, நாய் ஆகியவற்றின் சலத்தாலும் பரவக்கூடியது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இக்காய்ச்சல் பரவி உயிர்கள் மாண்டதைக் கமக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். வயலில் இறங்குவோரின் காலில் வெடிப்பும் புண்ணும் இருக்கும் நாள்களில், வெள்ளம் நிற்கும் வரம்பிலும் முற்றத்திலும் நாய் சலம் விடாது, ஒரு மூலைக்கு மட்டும் போவது சிறு காரியமன்று. நாய்க்கும் இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. மிருக வைத்தியரிடம் கேட்டறிக.

பாத்தியைக் காத்தலும் மலத்தை அகற்றலும்

குட்டி பழகும்வரை நாற்றுமேடையைச் சுற்றிக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்குப் பழைய மீன்வலை கட்டலாம். விதையிட்ட மேடையின்மேல் தேசி மரத்து முட்கிளைகளைப் பரப்பி வைப்பதும் பயன்தரும். மருந்து தெளித்த பாத்தியிற் குட்டி ஓடினால் பின்னர் பாதத்தை நக்கும். தெளித்த நாளில் அதனைக் கட்டி வைத்தே ஆகவேண்டும்.

மூலையிற் சேரும் மலத்தை அன்றன்று அள்ளிப் புதைத்தல் வேண்டும். முட்டை பொரிக்கவும் முதிரவும் நாள்கள் செல்லும் என முன்னர் கூறினேன். அந்த நாள்களைக் கொடாமல் விடுவதே நம் கையிலுள்ள எளிய மருந்து. மூலையின் ஓரமாக இரண்டடிக் குழி ஒன்று வெட்டி, ஒவ்வொரு நாளும் இட்டு மேலே மண்ணால் மூடி வருக. வெட்டும்போது அலவாங்கு கல்லில் முட்டினால், அதற்கு மேலே ஓரடி மண்ணாவது இருக்குமாறு குழியின் ஆழத்தைக் குறைத்துக்கொள்க. கல்லை உடைத்துக் குழியை ஆழமாக்குவது கிணற்றுக்கு வழி வெட்டுவதேயாகும். குழி நிரம்பியதும் மூடிவிட்டு, பக்கத்தில் மற்றொன்று வெட்டலாம். அந்நிலத்திற் கீரையோ கிழங்கோ பின்னரும் போடவேண்டாம்.

புழு மருந்தைக் குட்டிக்கு இரண்டு கிழமை வயதிலிருந்தே இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரண்டு மாதம் வரையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதமொருமுறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுப்பது வழக்கம். அளவு குட்டியின் நிறையைப் பொறுத்தது. அரச மிருக வைத்திய நிலையத்திற் காட்டியே கொடுக்க. பழகிய குட்டி திடீரென வீட்டினுட் கழிக்கத் தொடங்கினாலோ, அடிக்கடி துளித்துளியாகச் சலம் விட்டாலோ அது பிடிவாதமன்று, நோய். குருதியோடு கழிந்தால் ஒரு நாளும் தாமதியாது கொண்டுசெல்க.

விசர்நோய்த் தடுப்பூசியைப் பற்றி எல்லாரும் அறிவர். ஆயினும் அது மூலையோடு தொடர்புடையது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடும் பணி பரவியபின் அத்தொகை மிகக் குறைந்து, அண்மை ஆண்டுகளில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. இன்றும் இறப்போரைக் கடித்தவை பெரும்பாலும் நாய்களே. காலையில் வேலிப் பொட்டால் வெளியே போய், ஒழுங்கையிலும் பலாலி வீதியோரத்திலும் கழித்துவிட்டு வரும் நாய்தான் தெருநாயோடு கடிபட்டு வருவது. வாகனத்தில் அடிபடுவதும் அதுவே. வளவினுள்ளே தனக்கென ஒரு மூலை உடைய நாய்க்கு அந்தக் காலைப் பயணம் வேண்டியிராது. ஆகவே மூலையை ஆயத்தஞ் செய்யும் அன்றே வேலிப் பொட்டையும் அடைத்துவிடுக.

பாத்தியிலே போய்ப் பழகிவிட்ட நாயைத் திருப்புவது எவ்வாறு? புதுக் குட்டிக்குச் செய்வதையெல்லாம் தொடக்கத்திலிருந்து செய்தல் வேண்டும். நாள் மட்டும் கூடுதலாகச் செல்லும். என் குட்டியை ஆறு கிழமை கயிற்றை அவிழ்க்காமலே கொண்டு திரிந்தேன். அயல் மேடையில் அது கழித்த இடத்து மண்ணை ஒரு கடகம் அள்ளிவந்து, என் வளவின் மூலையிற் கொட்டினேன். மேடைக்குப் புது மண்ணும் நாற்றும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மூன்று கிழமை பயனொன்றுங் காணவில்லை. நாலாங் கிழமையில் ஒருநாள், கயிற்றை இழுத்துக்கொண்டு தானாகவே மூலைக்குப் போயிற்று. இப்பொழுது வளர்ந்த நாயாகிவிட்ட அது, கடும் மழையிலும் கிடுகின்கீழ் ஒதுங்கி நின்று தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

அயலிலுள்ள பெரியவர் இவ்வாண்டு தாமும் ஒரு குட்டி எடுத்துள்ளார். நான் சொன்னபடியே ஆறடிச் சதுரத்தை அளந்து கொத்தி, மணலும் கலந்து வைத்திருக்கின்றார். ஆனால் அவர் தெரிந்தெடுத்த இடம் எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியோரம். வேலிக்கு இப்பால் இருப்பது என் கீரைப் பாத்தி. மூலையை மேற்கு வேலிப் பக்கம் மாற்றும்படி அவரைக் கேட்டிருக்கின்றேன்.